கத்தரி எடுக்காத காலை

போன வாரம் என் மகனுக்குப் பார்சலில் ஒரு சட்டை வந்தது. அவன் குளித்துக்கொண்டிருந்தான், நான்தான் பிரித்தேன். பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள். புதுத்துணிக் கஞ்சியும் இஸ்திரிச் சூடும் கொஞ்சம் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. இரண்டாவது பட்டனுக்குக் கீழே ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. கை தானாகத் தரையில் கத்தரியைத் தேடியது. கத்தரி எங்கே இருக்கிறது? பல்லால் கடித்துவிட்டேன். குளித்து வந்தவன் தலையில் அடித்துக்கொண்டான். "சைஸ் பெருசா இருந்தா திருப்பி அனுப்பிரலாம்னு இருந்தேன்மா. நீ கடிச்சு வச்சிருக்க!"

சைஸ் பெரிசுதான். இப்போது என் தம்பி அதைப் போட்டுக்கொண்டு திரிகிறான்.

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். கட்டுரை எழுதுகிற முறையெல்லாம் தெரியாது. பல வருஷம் சட்டையில் நூல் வெட்டியவள், அது தெரியும். எங்கே பிசிறு நீட்டுகிறதோ அங்கே போவேன். நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் எங்கள் கார்கானா இருந்தது. வெளிநாட்டுக்குப் போகிற சட்டைகள் தைக்கிற இடம். கீழே முதலாளி சேட்டின் ஆபீஸ் அறையும் துணிக் கட்டுகளும். மேலே தையல். மேலே போக ஒரு இரும்பு ஏணிப்படி, செங்குத்தாக இருக்கும். பிடித்து ஏற ஒரு கயிறு தொங்கும். எத்தனையோ பேர் கைபட்டு அந்தக் கயிறு எண்ணெய் தேய்த்த சடைமாதிரி மினுமினுக்கும். ஜன்னல் ஓரமாக மெஷின்கள், அதில் வடக்கத்தி டெய்லர்கள். தரையில் கோணியை விரித்துப் பெண்கள் நாங்கள். தைத்து முடித்த சட்டை எங்கள் மடிக்கு வரும். நூல் வெட்ட வேண்டும், பட்டன் பார்க்க வேண்டும், மடிக்க வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் அங்கே சேர்ந்தேன். எனக்கு வாய் திறக்கவே வராது. கூச்சம் என்றால் சாதாரணக் கூச்சம் இல்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம் இறங்குகிற இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, யாராவது இறங்குகிற இடத்தில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். கார்கானாவில் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவேன். சேட் என்னைக் கூப்பிடுவதே "ஏ கூங்கி" என்றுதான். முதல்நாள் அதற்கு அர்த்தம் தெரியாமல் அதற்கும் தலையாட்டினேன். மாஸ்டர்தான் சொன்னார்.

"ஊமைச்சின்னு சொல்லுதாரு புள்ள. கோவிச்சுக்காத. செல்லமாத்தான்."

மாஸ்டர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். நாங்கள் அண்ணாச்சி என்போம், மற்றவர்கள் மாஸ்டர்ஜி என்பார்கள். துணி வெட்டுவதும் அவர்தான், எங்களை மேய்ப்பதும் அவர்தான். சேட்டிடம் எது சொல்வதென்றாலும் அவர் வழியாகத்தான் போகவேண்டும். மெஷின் ஊசி உடைந்தாலும் சரி, ஊருக்குப் போக லீவு வேண்டுமென்றாலும் சரி, முதலில் மாஸ்டர், அப்புறம் சேட். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனாலும் அதை மீறியவளுக்கு என்ன ஆகும் என்று சுனந்தா பாயைக் கேட்டால் தெரியும்.

சுனந்தா பாய் மராட்டிக்காரி, பாய் என்றால் அங்கே அக்கா மாதிரி. சதாரா பக்கம். பட்டன் பார்க்கிற வேலை. தொண்டை அப்படி ஒரு தொண்டை. ஒருமுறை மேலே காற்றாடி ஓடவில்லை என்று நேராகச் சேட்டிடம் போய்க் கத்திவிட்டாள். காற்றாடி ஓடியது. அவளை ஒரு வாரம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கும் எனக்கும் ஆரம்பத்தில் ஆகவே ஆகாது. நான் டப்பாவைத் திறந்தால் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்புவாள். கருவாட்டுக் குழம்பு. நான் என்ன செய்ய, எங்கள் வீட்டுக்காரருக்கு அதுதான் இறங்கும். நானும் வெட்கப்பட்டு மூடியைப் பாதி மூடிக்கொண்டே சாப்பிடுவேன். ஒருநாள் அவள் டப்பா என் பக்கம் சரிந்து மூடி கழன்றுவிட்டது. உள்ளே என்ன என்கிறீர்கள்? காய்ந்த பொம்பில் மீன் வறுவல். என் கருவாடு அதன் முன்னால் மல்லிகைப்பூ. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். பேசாமல் ஒரு துண்டை எடுத்து என் சோற்றில் வைத்தாள். அன்றிலிருந்து இரண்டு டப்பாவும் நடுவில்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த இந்தியில் பாதி அவள் தொண்டையிலிருந்து வந்தது. மீதி, எங்கள் சந்துக் குழாயடியிலிருந்து.

மீன் வாசனை என்னை வேறெங்கோ இழுத்துப்போகிறது. கத்தரிக்கு வருகிறேன்.

நான் சேர்ந்த சமயம் கார்கானாவுக்குக் கெட்ட நேரம். அனுப்புகிற சட்டையெல்லாம் குறை சொல்லித் திரும்பி வந்துகொண்டிருந்தது. அப்போது ஒரு புதுத் துணிக்கட்டு மேலே வந்தது. கட்டின் கயிற்றை வெட்டக் கத்தரி தேடினார்கள். பக்கத்தில் நான்தான் இருந்தேன். வெட்டினேன். அந்தத் துணியில் தைத்த சட்டை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான், சேட்டுக்கு என் கை பிடித்துவிட்டது. கைராசியாம். அதற்குப் பிறகு எந்தப் புது ஆர்டர் வந்தாலும் சேட் தாமே ஏணியேறி மேலே வருவார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அந்த ஏணியில் ஏறுவது ஒரு காட்சி. கட்டின் மேல் ஒரு தேங்காய் வைத்து, ஊதுபத்தி காட்டி, "சல் கூங்கி" என்பார், ஆகட்டும் என்று. நான் கயிற்றை வெட்டினால்தான் மாஸ்டர் துணியைத் தொடுவார், டெய்லர்கள் மெஷினை மிதிப்பார்கள். சட்டை நன்றாக வந்தது மாஸ்டரின் வெட்டாலும் டெய்லர்களின் தையலாலும். என் கைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல வாய் வேண்டுமே.

இப்போது ஒரு விஷயம் எழுத வேண்டும். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதை விட்டால் கதையே இல்லை.

அங்கே பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. ஆண்கள் சந்துக்குள் எங்கேயோ போய் வருவார்கள். நாங்கள் ஏணி இறங்கி, சந்தைத் தாண்டி, ரோட்டைக் கடந்து பொதுக் கக்கூஸுக்குப் போய் வரிசையில் நிற்கவேண்டும். போய்த் திரும்பினால் மடியில் சட்டை மலையாகக் கிடக்கும். அதனால் காலையில் வீட்டில் ஒரு வாய் டீயோடு சரி, சாயங்காலம்வரை தண்ணீர் குடிக்க மாட்டோம். தாகம் எடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்புவோம். மே மாசத்திலும் அப்படித்தான். இத்தனைக்கும் கீழே, சேட்டின் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருந்தது. ஆர்டர் கொடுக்க வருகிற பெரிய மனுஷர்களுக்காகக் கட்டியது. எப்போதும் பூட்டியே கிடக்கும். சாவி சேட்டின் சாவிக்கொத்தில்.

வருஷக்கணக்காக அந்தப் பூட்டைத் தாண்டித்தான் ஏறி இறங்கினோம். யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. செல்வக்கனிக்கு மாசம் ஆனபிறகுதான் தோன்றியது.

செல்வக்கனி என்னைவிடச் சின்னவள், எங்கள் சந்துக்காரி, மூன்றாவது வீடு. அவள் வீட்டுக்காரர் சுமை தூக்கப்போன இடத்தில் காலை ஒடித்துக்கொண்டு படுத்திருந்தார். வீட்டுக்கு அவள் சம்பளம் ஒன்றுதான். பிள்ளை வயிற்றில் இருக்கிற பெண் எத்தனை தடவை எழுந்து போகவேண்டும், உங்களுக்குத் தெரியும். அந்த ஏணியில், அந்த வயிற்றோடு, கயிற்றைப் பிடித்து அவள் இறங்கும்போதெல்லாம் நாங்கள் கத்தரியை வைத்துவிட்டு எட்டிப் பார்ப்போம். போய்வந்தால் வேலை தேங்கும். ஒருநாள் மாஸ்டர் சொல்லிவிட்டார்.

"ஏ செல்வக்கனி, இதெல்லாம் உனக்குச் சரிப்படாது தாயி. நாளக்கழிச்சு வார ஆர்டருக்கு வேற ஆளு சொல்லியிருக்கேன். நீ பேறுகாலம் முடிஞ்சு வா."

"நான் வீட்டுல உக்காந்தா அடுப்பு எரியாது அண்ணாச்சி."

"நான் என்ன செய்ய? சட்டை தேங்கிட்டுன்னா சேட் என்னயல்லா கேப்பாரு?"

"கீழ உள்ளதத் தொறந்துவிடச் சொல்லுங்க அண்ணாச்சி. அது போதும் எனக்கு."

"கேக்கேன், கேக்கேன்."

இதை ஏற்கெனவே பலமுறை கேட்டாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கீழே போவார், தலையைத் தடவிக்கொண்டே மேலே வருவார். "சேட் பாக்கலாம்னு சொல்லுதாரு" என்பார். அந்த 'பாக்கலாம்' முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்குச் சேட் மேல் ஆத்திரம். மனுஷனா இவர் என்று.

அன்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். செல்வக்கனி ஒரு மூலையில் டப்பாவைத் திறக்காமல் இருந்தாள். சுனந்தா பாய் கையை நக்கிக்கொண்டே என்னைக் காட்டினாள்.

"இவ கேக்கட்டும்."

நான் டப்பா மூடியைத் தேடினேன்.

"நாங்க சேட் முன்னாடி போக முடியாது. ஆனா புது ஆர்டர் அன்னிக்கு சேட்டே மேல ஏறி வந்து இவ முன்னாடிதான நிக்கிறார்? வேற யார் முன்னாடி வந்து நிக்கிறார், சொல்லு!" இதை இந்தியும் மராட்டியும் கலந்து சொன்னாள். நான் இங்கே தமிழில் சொல்லிவிட்டேன்.

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கு மட்டும் படவில்லை. ஆனால் செல்வக்கனி மூலையிலிருந்து "யக்கா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதற்கும் தலையாட்டிவிட்டேன். என் தலை எப்போதுமே என்னைக் கேட்காமல் ஆடுகிற தலை.

அப்புறம் பாடம் நடந்தது. "சேட்ஜி, நீச்சேவாலா பாத்ரூம் கா சாவி சாஹியே." கீழே உள்ளதன் சாவி வேண்டும், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல அவர்கள் சிரித்தார்கள். ரஃபீக் என்று ஒரு டெய்லர், எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத ஆள், மெஷினை மிதித்துக்கொண்டே "ஜோர் சே போலோ பஹன்" என்றார். சத்தமாகச் சொல்லவாம். வீட்டுக்குப் போய் அம்மிக்குச் சொன்னேன், குழம்புக்குச் சொன்னேன். வீட்டுக்காரர், "யார்ட்ட என்ன சாவி கேக்க?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

அந்தக் காலையும் வந்தது. கட்டு மேலே வந்தது. சேட் மூச்சு வாங்க ஏறி வந்தார். தேங்காய் வைத்தார், ஊதுபத்தி காட்டினார். மூலையில் மாஸ்டர் சொல்லி வைத்திருந்த புது ஆள், ஒரு பெண், பையோடு நின்றுகொண்டிருந்தாள். செல்வக்கனி சுவரோடு சுவராக. சேட் என் முன்னால் வந்து கத்தரியை நீட்டினார்.

"சல் கூங்கி."

கேட்க வேண்டிய நேரம். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. சேட்ஜி என்பதற்கு அடுத்து என்ன என்பதே போய்விட்டது. கேட்காமல் கத்தரியை வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது, அந்தப் பெண் பையைக் கீழே வைத்து உட்கார்ந்துவிடுவாள். அது மட்டும் தெரிந்தது. அதனால் கத்தரியை வாங்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"க்யா ஹுவா? காட் நா!" வெட்டச் சொன்னார்.

நான் அசையவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தில் உடம்பு அப்படியே உறைந்துவிட்டது. டெய்லர்கள் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சேட்டின் முகம் மாறியது. கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை, பயம். அவர் துணிக்கட்டைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். ராசிக்கை ஒரு துணியைத் தொடமாட்டேன் என்கிறது. அப்படியென்றால் துணியில் ஏதோ தோஷம்! மாஸ்டரைப் பார்த்து, இந்தக் கட்டு வேண்டாம், திருப்பி அனுப்பு என்று சொல்லியேவிட்டார்.

திருப்பி அனுப்பவா? தீபாவளிக்கு முன்னால் வந்த பெரிய ஆர்டர் அது. அது போனால் செல்வக்கனிக்கு மட்டுமா, எல்லோருக்குமே வேலை இல்லை. சுனந்தா பாய் பின்னாலிருந்து என் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினாள். சின்னக் கிள்ளு இல்லை. அந்தக் கிள்ளில் வாய் திறந்துவிட்டது. ஆனால் வந்தது இந்தி இல்லை. எங்கள் ஊர்த் தமிழ், எங்கள் ஊர்க் குழாயடிச் சத்தத்தில்.

"துணி நல்லாத்தான் இருக்கு! செல்வக்கனிக்கு ஒண்ணுக்குப் போவணும்! கீழ உள்ள சாவியத் தாங்க! தந்தாத்தான் வெட்டுவேன்!"

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. சேட் இரண்டடி பின்னால் போய்விட்டார். கூங்கி பேசிவிட்டாள்! அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. இவள் என்ன சொன்னாள் என்று மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"க்யா போலி? மாஸ்டர், க்யா போலி யே?"

மாஸ்டரைப் பார்த்தேன். அந்த மனுஷனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார், சுற்றினார், மறுபடி கழுத்தில் போட்டார். வாயைத் திறந்தார், மூடினார். எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். கண்டக்டர் முன்னால் நிற்கிற என் முகம் அது! அப்போதுதான் புரிந்தது. இந்த மனுஷன் ஒருநாளும் கேட்டதே இல்லை. கீழே போவார், சேட் முன்னால் நிற்பார், வாய் வராது, வேறு எதையோ பேசிவிட்டு மேலே வந்துவிடுவார்.

"போலோ நா!" சொல்லச் சொல்லிச் சேட் அதட்டினார்.

"சேட்ஜி... வோ... லேடீஸ் லோக் கோ..." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாத்ரூம் கா சாவி."

சேட் சாவிக்கொத்தைப் பார்த்தார். பிறகு, "பஸ்? இத்னா ஹி?" என்றார். இவ்வளவுதானா என்று கேட்டார். துணியில் தோஷம் இல்லை என்ற சந்தோஷத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொப்பை குலுங்கச் சிரித்துவிட்டு, இதை ஏன் யாரும் என்னிடம் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் எல்லாத் தலையும் மாஸ்டர் பக்கம் திரும்பிவிட்டது. சுனந்தா பாய் வாயைத் திறந்தாள். அவள் திறந்தால் மாஸ்டரின் மானம் சந்துமுனைவரை போகும். அவள் காலை அழுத்தி மிதித்தது யார் என்கிறீர்கள்? செல்வக்கனி. வேலையை விட்டு நீக்கப்பட்டவள். மிதித்துவிட்டு, "நாங்கதான் சேட், கூச்சப்பட்டு யார்ட்டயும் சொல்லல" என்று தன் அரைகுறை இந்தியில் சொன்னாள். மாஸ்டர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது.

சேட் கொத்திலிருந்து சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். நான் கயிற்றை வெட்டினேன். ரஃபீக் கையைத் தட்டினார். மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. அந்தச் சத்தத்தைப் போல ஒரு மேளச் சத்தத்தை நான் எந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை, என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான்.

புது ஆளாக வந்த பெண்ணை மாஸ்டர் திருப்பி அனுப்பவில்லை. வேலை அதிகம் என்று இன்னொரு கோணியை விரித்தார். செல்வக்கனி தன் இடத்திலேயே உட்கார்ந்தாள். அதற்கு முன்னால் சாவியை அவள் கையில் கொடுத்து எல்லோரும் கீழே அனுப்பினோம். ஏணி முனையில் கூட்டமாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஏதோ ரயிலேற்றி விடுகிறமாதிரி. திரும்பி வந்தவள் பாதிப்படியிலிருந்தே சொன்னாள்.

"யக்கா, உள்ள லைட்டு இருக்கு! பைப்புல தண்ணி வருது! கண்ணாடி வேற இருக்குக்கா!"

கண்ணாடியா? அன்று முழுக்க யாருக்கும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. தேவை இருந்தவளும் போனாள், இல்லாதவளும் போனாள். சுனந்தா பாய் போனவள் பொட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு வந்தாள். மத்தியானம் எல்லோரும் தண்ணீர் குடித்தோம். சொம்பு சொம்பாக, சிரித்துச் சிரித்து, மூக்கில் ஏறும்படி குடித்தோம். வேலை செய்கிற இடத்தில் வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பது எவ்வளவு பெரிய ஐசுவரியம் என்று, மேஜை மேல் பாட்டில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிற என் மகனுக்கு எப்படிச் சொல்வேன்?

மறுநாள் மாஸ்டர் ஒரு புதுச் சோப்பை என் கோணியில் வைத்தார். கீழே கக்கூஸுக்குள் வைக்கச் சொன்னார். போனவர் திரும்பி வந்தார்.

"ரெண்டு பொட்டப்புள்ளையப் பெத்தவன் நான். ஆனா அவரு முன்னால நின்னா அந்தப் பேச்சு வாயில வரமாட்டேங்கு புள்ள."

"எனக்கும்தான் வரல அண்ணாச்சி. அவ கிள்ளுனதுல வந்துட்டு."

இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு சேட்டிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மாஸ்டர் என்னையும் கூட்டிக்கொண்டுதான் கீழே போவார். இரண்டு கூச்சம்பிடித்ததுகள் சேர்ந்து போனால் ஒன்றாவது பேசிவிடும் என்று கணக்கு. பொங்கலுக்கு லீவு, இன்னொரு காற்றாடி, ஏணிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி என்று ஒவ்வொன்றாக வந்தது. செல்வக்கனி வலி கண்ட நாள்வரை வேலைக்கு வந்தாள். பெண் குழந்தை. சேட் கடைசிவரை என்னைக் கூங்கி என்றுதான் கூப்பிட்டார். அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வரும்.

அந்தக் கார்கானா இப்போது இல்லை. சேட்டின் பிள்ளைகள் தொழிலை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். மாஸ்டர் ஊரோடு போய் அங்கேயே கண்ணை மூடினார். சுனந்தா பாய்க்கு மான்குர்தில் மாடி வீடு கிடைத்தது. போனில் பேசினால் போனே தேவையில்லை, தொண்டை அப்படியே இருக்கிறது. எங்கள் சந்தில் இப்போதும் பெண்கள் நூல் வெட்டுகிறார்கள். ஆனால் ஒருவன் வண்டியில் வந்து வாசலில் மூட்டையைப் போட்டுவிட்டுப் போகிறான். அவளவள் வீட்டில், அவளவள் டிவி முன்னால். முதலாளி யார் என்று முகம் தெரியாது. முதுகில் கிள்ளப் பின்னால் ஆள் கிடையாது. டப்பாவைத் திறந்தால் மூக்கைப் பொத்தவும் ஆள் கிடையாது. எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

காணாமல் போனவர்களில் அந்த ஊமைச்சியும் ஒருத்தி. போன மாசம் முழங்கால் காட்ட ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மகன் கூட்டிப்போனான். கண்ணாடிச் சுவரும் ஏசியுமாக அரண்மனை மாதிரி இருந்தது. நிறையப் பெண்கள் காலைப் பின்னிக்கொண்டு நெளிந்து உட்கார்ந்திருந்தார்கள். கோட்டுப் போட்ட ஓர் ஆள் அந்தப் பக்கமாகப் போனார்.

"பாய்சாப்! லேடீஸ் பாத்ரூம் கிதர் ஹை?"

பெண்கள் கக்கூஸ் எங்கே என்று நான் கேட்டது ஹால் முழுக்கக் கேட்டது. மகன் என் முழங்கையைப் பிடித்தான். "அம்மா, கொஞ்சம் மெதுவாக் கேக்கக் கூடாதா? எல்லாரும் பாக்காங்க."

பார்க்கட்டும். கோட்டுக்காரர் இடது பக்கம் கையைக் காட்டினார். நான் கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தேன். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தால், என் பின்னாலேயே ஐந்தாறு பெண்கள் எழுந்து வந்துகொண்டிருந்தார்கள்.